நாற்பது கடல் மைல் முன்னதாக: 1974 ஏழு கன்னியர் மலை விமான விபத்து

1974 டிசம்பர் 4, புதன்கிழமை. இரவு பத்து மணி தாண்டியிருந்தது. சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் போகும் டிசி-8 விமானம் ஒன்று, இடையில் இலங்கையின் கட்டுநாயக்க விமானநிலையத்தில் தரிப்பதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் ஓட்டிய விமானம் அது. பறப்பு எண் 138. உள்ளே 182 ஹஜ் யாத்திரிகர்கள், 9 பணியாளர்கள். கட்டுநாயக்கவில் தரையிறங்க வேண்டிய விமானம் அதற்குக் கிட்டத்தட்ட 40 கடல் மைல் முன்னதாகவே, மலையகத்தின் நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. மோதிய இடம் கடல் மட்டத்திலிருந்து 4,355 அடி. 191 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இதுதான் இன்றுவரை மிகப் பெரியது.

மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் இந்த விபத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எஞ்சின் கெட்டுப்போனது, மின்னல் அடித்தது, விமானிக்கு மலை இருப்பதே தெரியாது. கடைசிக் கதையில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. மலை இருப்பது விமானிகளுக்குத் தெரியும், அவர்கள் கையில் வரைபடம் இருந்தது. தாங்கள் அந்த மலைக்கு மேலே இருக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்துத்தான் இறங்கினார்கள்.

விசாரணை அறிக்கை காரணத்தைச் சுருக்கமாகவே சொல்கிறது. விமானநிலையத்தோடு ஒப்பிட்டுத் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்த விமானிகள், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். விமானத்தில் இருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியிருந்ததே அதற்குக் காரணம், அவை காட்டியதைத் தவறாகப் புரிந்துகொள்ள இடம் இருந்தது. இவ்வளவுதான். இதை மேலோட்டமாகப் படித்தால் 'விமானியின் தவறு' என்று மூடிவிடலாம், பலர் மூடியும்விட்டார்கள். எனக்கு அது போதவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கட்டுப்பாடு விமானியின் கையிலேயே இருக்க, நல்ல நிலையில் உள்ள விமானம் தெரியாமல் போய்த் தரையில் மோதும் விபத்து வகை அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஆண்டுக்காண்டு வேறு வேறு நாட்டில், வேறு வேறு விமானி ஒரே தவறைச் செய்தால், அந்தத் தவறு நடக்க வழிவிட்ட ஏற்பாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கோடு போட்டுப் பார்த்தால்

ஒரு வரைபடத்தை எடுத்து சுரபாயாவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோடு போட்டுப் பாருங்கள். நீளம் ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர், முக்கால்வாசிக்கும் மேல் இந்து சமுத்திரமும் அதன் ஓரக் கடல்களும். அந்தக் கோடு யால பக்கமாக இலங்கைக்குள் நுழைகிறது, ஹோர்ட்டன் சமவெளிக்கு அருகில் மலையேறுகிறது, அப்புறம் மஸ்கெலியாவுக்கு மேலாக வந்து கட்டுநாயக்கவுக்கு இறங்குகிறது. ஏழு கன்னியர் மலை அந்தக் கோட்டின்மேலேயே கிடக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். விமானம் பக்கவாட்டில் எங்கும் விலகிப் போனதாகத் தெரியவில்லை. போக வேண்டிய திசையில் சரியாகத்தான் போயிருக்கிறது. பிசகியது தூரக் கணக்கு. நாற்பது கடல் மைல் என்றால் பெரிதாகத் தெரிகிறது. கடந்து வந்த மொத்தத் தூரத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு இரண்டு. நாலரை மணி நேரம் இருட்டில் கடலுக்கு மேல் பறந்து வந்தவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு பிசகுவது அன்றைய கருவிகளின் இயல்புக்கு அப்பாற்பட்டதல்ல.

டொப்ளர் கருவி வேலை செய்யும் விதம் இது. விமானத்தின் வயிற்றிலிருந்து சாய்வாகக் கீழ்நோக்கி சில ரேடார் கதிர்களை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைப் பார்த்து, தரையோடு ஒப்பிட்ட வேகத்தையும் காற்று பக்கவாட்டில் தள்ளும் அளவையும் கணக்கிடும். வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கடந்த தூரம் கிடைக்கும். வெளியிலிருந்து எந்த உதவியும் தேவையில்லை என்பது இதன் பலம். வெளியிலிருந்து யாரும் திருத்தாவிட்டால் பிழை கூடிக்கொண்டே போகும் என்பது இதன் பலவீனம். ஹட்டன் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வளைவுகளை எண்ணியே 'இப்போது கினிகத்தேனை வந்திருக்கும்' என்று சொல்வதைப் போன்றதுதான். ஒரு வளைவை எண்ணத் தவறினால் அப்புறம் சொல்வதெல்லாம் தவறு. கடலுக்கு மேல் இன்னொரு சிக்கல்: கீழே இருக்கும் தண்ணீரே காற்றாலும் நீரோட்டத்தாலும் நகர்கிறது, அந்த நகர்வும் கணக்கில் கலந்துவிடும்.

அப்படிக் கூடிய பிழையைத் திருத்தத்தான் வானிலை ரேடார். மழைமேகம் பார்ப்பதற்கான கருவிதான். அதன் அன்டெனாவைச் சற்றுக் கீழே சாய்த்தால் தரையையும் காட்டும். கடல் இருண்டும் நிலம் பிரகாசமாகவும் விழுவதால் கரையோரம் திரையில் கோடாகத் தெரியும். கரையைக் கண்டால் இருக்கும் இடம் தெரியும் என்பது அன்றைய வழக்கம். ஆனால் இலங்கையைக் கிழக்கிலிருந்து அணுகும்போது முதலில் ஒரு கரை, அப்புறம் தாழ்நிலம், அப்புறம் மலைத்தொகுதி, மறுபடி தாழ்நிலம், கடைசியில் மேற்குக் கரை. மலைகள் ரேடாரை மறைத்து அவற்றின் பின்னால் இருண்ட நிழலை விழுத்தும். திரையில் அந்த நிழலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் பார்ப்பது லேசான காரியமல்ல. அன்று விமானி அறையில் திரையில் என்ன தெரிந்தது என்பதை யாரும் சொல்ல முடியாது. 'தவறாகப் புரிந்துகொள்ள இடம் இருந்தது' என்ற அறிக்கையின் சொற்களுக்குப் பின்னால் இப்படியொரு திரை இருந்திருக்கும் என்று நினைக்க மட்டும் முடியும்.

மோதிய இடத்திலிருந்து நேர்மேற்கே பார்த்தால் தெரணியகலைப் பக்கம் நிலம் சட்டென்று விழுந்துவிடுகிறது. நேராகப் பதினாறு, பதினேழு கிலோமீற்றர். அன்றைய வேகத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஏழு கன்னியர் மலை அந்தப் பாதையில் கிட்டத்தட்டக் கடைசித் தடை. அதைவிட மூவாயிரம் அடிக்கும் மேல் உயர்ந்த ஹோர்ட்டன் சமவெளியின் சிகரங்கள் நாலைந்து நிமிடத்துக்கு முன்பே பின்னால் போயிருக்கும்.

இறங்கலாம் என்ற அனுமதி

கொழும்புக் கட்டுப்பாட்டாளர்களோடு விமானம் தொடர்பில்தான் இருந்தது. படிப்படியாக இறங்க அனுமதி கிடைத்தது. கடைசியாக 2,000 அடி வரை இறங்கலாம், ஓடுபாதை 04 இல் தரையிறங்க எதிர்பாருங்கள், விமானநிலையம் கண்ணில் பட்டதும் சொல்லுங்கள் என்ற வகையில். விமானிகள் இறங்கினார்கள்.

படிக்கும் யாருக்கும் கோபம் இங்கேதான் வரும். மலைக்கு மேலே இருக்கும் விமானத்துக்கு 2,000 அடிக்கு இறங்க எப்படி அனுமதி கொடுத்தார்கள்? பதில், விமானம் எங்கே இருக்கிறது என்று அனுமதி கொடுத்தவருக்கும் விமானி சொல்லித்தான் தெரியும். சர்வதேச விதிப்படி, கட்டுப்பாட்டாளர் ரேடாரைப் பார்த்து 'இந்தத் திசையில் திரும்பு' என்று தானே வழிநடத்தும்போது தவிர, மற்ற நேரங்களில் தரையில் மோதாமல் பார்த்துக்கொள்வது விமானியின் பொறுப்பு. இறங்கும் அனுமதிக்குப் பொருள், அந்த உயரம் வரை உன் வழியில் வேறு விமானம் இல்லை என்பது. கீழே மலை இல்லை என்று அது சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு, நாலரை மணி நேரப் பறப்பின் முடிவில், 'இரண்டாயிரம் வரை இறங்கலாம்' என்று காதில் விழுந்தால் மனிதன் அதை எப்படிக் கேட்பான்? அந்த இடைவெளிக்குள்தான் 191 பேர் போனார்கள்.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைத்தால் இதையும் பாருங்கள். அதே வாரம், மூன்று நாட்களுக்கு முன், டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்காவில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் பறப்பு, ஒரு போயிங் 727, வாஷிங்டனுக்கு வெளியே டல்லஸ் விமானநிலையத்தை நெருங்கியது. ஏறத்தாழ 44 கடல் மைல் தூரத்தில் இருக்கும்போதே தரையிறங்க அணுகலாம் என்று அனுமதி கிடைத்தது. உயரத்தைக் கட்டுப்பாட்டாளர் சரிபார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று விமானி நினைத்தார், உயரம் விமானியின் பொறுப்பு என்று கட்டுப்பாட்டாளர் நினைத்தார். விமானம் 1,800 அடிக்கு இறங்கி, மவுண்ட் வெதர் என்ற குன்றில் மோதியது. 92 பேர், ஒருவரும் தப்பவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளில், 'அனுமதி' என்ற ஒன்றை இருபுறமும் வேறு வேறாக எடுத்துக்கொண்டதன் விளைவு. ஒன்று அமெரிக்கத் தலைநகருக்கு அருகில் நடந்ததால் விதியை மாற்றியது. நம்முடையது அதே ஆண்டின் புள்ளிவிவரத்தில் ஒரு வரியாகச் சேர்ந்தது. அன்றைக்கு மலையகத் தோட்டங்களே பஞ்சத்திலும் பட்டினிச் சாவிலும் கிடந்தன. 1974 இல் தோட்டப்பகுதி இறப்பு விகிதம் திடீரென்று ஏறியிருந்தது. மலையில் விழுந்த வெளிநாட்டு விமானத்தைப் பற்றி யாரும் தொடர்ந்து கேள்வி கேட்காததில் வியப்பில்லை.

கீழே பார்க்கும் கருவி

டிடபிள்யூஏ விபத்துக்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பெரிய ஜெட் விமானங்கள் எல்லாம் 1975 முடிவுக்குள் தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கருவி புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை, ஏற்கெனவே இருந்தது. கனடாவில் பிறந்த டொன் பேட்மன் என்ற பொறியியலாளர் 1960களின் கடைசியிலிருந்தே அதைச் செய்துகொண்டிருந்தார். 1971 செப்டம்பரில் அலாஸ்காவின் ஜூனோ அருகில் 111 பேரோடு ஒரு விமானம் மலையில் மோதியபோது, பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதில் விமானிகளுக்குக் கிடைத்த தவறான தகவல்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஏழு கன்னியர் மலையில் மூன்று ஆண்டு கழித்து நடந்ததும் ஏறத்தாழ அதேதான்.

பேட்மனின் முதல் கருவி எளிமையானது. விமானத்துக்கு நேர்கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ரேடியோ உயரமானி அளக்கும். அந்தத் தூரம் மிக வேகமாகக் குறைந்தால் சத்தம் போடும், 'மேலே இழு' என்று கத்தும். உலகத்தில் இந்த வகை விபத்துகள் அதன்பின் வெகுவாகக் குறைந்தன. ஆக, 138 இல் அது இருந்திருந்தால் தப்பியிருக்குமா?

நான் நம்பவில்லை. நோர்ட்டன் பிரிட்ஜ் வீதியில் நின்று ஏழு கன்னியர் மலையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். சரிவு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சுவர் போல எழும் மலை அது. வரிசையாக முகடுகள், இடையிடையே வெட்டிய மாதிரிப் பள்ளங்கள். டிசம்பரில் பாதி நேரம் மேகம் இடுப்புவரை இறங்கியிருக்கும். நேர்கீழே மட்டும் பார்க்கும் கருவிக்கு முன்னால் நிற்கும் சுவர் தெரியாது. மணிக்கு 250 கடல் மைல் வேகத்தில் ஒரு விமானம் எட்டு விநாடியில் ஒரு கிலோமீற்றர் கடக்கும். கடைசிச் சில விநாடிகளில் எச்சரிக்கை வந்திருக்கும். விமானி அதை நம்பி, நெம்புகோலை இழுத்து, கனமான டிசி-8 மேலெழும்ப அந்த விநாடிகள் போதுமா? முன்னால் வரும் மலை படிப்படியாக உயர்ந்திருந்தால் வேறு கதை.

1995 டிசம்பர் 20 இல் கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே ஓர் அமெரிக்க போயிங் 757 இதே மாதிரி மலையில் மோதியது. 159 பேர் இறந்தார்கள். அதில் பழைய எச்சரிக்கைக் கருவி இருந்தது, வேலையும் செய்தது, எச்சரித்தது, விமானிகள் மேலே இழுத்தார்கள், ஆனாலும் முகட்டைத் தாண்ட முடியவில்லை. மலைநாட்டுக்குக் கீழே பார்க்கும் கருவி போதாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

மலையை நினைவில் வைத்த விமானம்

அடுத்த படியையும் பேட்மனே எடுத்தார். உலகத்தின் நிலவடிவத்தையே விமானத்தின் கணினிக்குள் ஏற்றிவிடுவது. விமானம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால், முன்னால் எந்த மலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கத் தேவையில்லை, நினைவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு முன்பே எச்சரிக்கை வரும், திரையில் மலை மஞ்சளாகவும் சிவப்பாகவும் விழும். ஆனால் அப்படியொரு வரைபடம் உலகத்துக்கு எங்கே இருந்தது? படைகள் வைத்திருந்தன, வெளியே கொடுப்பதில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் அவர்கள் தயாரித்திருந்த நிலவடிவ வரைபடங்களை விலைக்கு வாங்கித்தான் பேட்மனின் குழு தரவுத்தளத்தைத் தொடங்கியது.

விண்வெளி நம் மலைகளுக்குள் நுழைவது இங்கேதான். 2000 பெப்ரவரி 11 இல் எண்டெவர் விண்ணோடம் ஆறு பேரோடு மேலே போனது. சரக்கு அறையில் ஒரு ரேடார், அங்கிருந்து வெளியே நீட்டிய 60 மீற்றர் கம்பத்தின் நுனியில் இன்னொரு ரேடார் அன்டெனா. ஒரே நிலத்தை இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் உயரம் கணக்கிடலாம் என்பதுதான் தத்துவம். அவ்வளவு நீளக் கம்பத்தை ஆடாமல் ஒரே நிலையில் பிடித்திருப்பதே பெரும்பாடு. நுனியிலிருந்த சிறு உந்துகருவி சரியாக இயங்காததால் விண்ணோடத்தின் எரிபொருள் எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானது, அதை மிச்சம்பிடித்துப் பிடித்துத்தான் முடித்தார்கள். இரண்டு குழுக்களாகப் பிரிந்து இரவுபகலாக வேலை. பதினொரு நாளில் பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 வீதம் அளக்கப்பட்டது, வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை. இலங்கை முழுதும் அதற்குள் வந்துவிட்டது. பிதுருதலாகலையிலிருந்து ஏழு கன்னியர் மலை வரை எல்லா முகடும் எண்ணாகின.

குறை இல்லாமல் இல்லை. செங்குத்தான பள்ளத்தாக்குகளில் ரேடார் நிழல் விழும் இடங்கள் தரவில் வெற்றிடங்களாகக் கிடந்தன, அவற்றை வேறு மூலங்களிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. 1974 இல் திரையில் குழப்பியிருக்கக்கூடிய அதே நிழல்தான்! ஆனாலும் முகடுகளின் உயரம் நம்பத்தக்க அளவில் கிடைத்தது, விமானத்துக்குத் தேவையானதும் அதுதான். அதே காலத்தில் ஜிபிஎஸ் முழுமையாக இயங்கத் தொடங்கியிருந்தது. வரைபடம் மேலிருந்து வந்தது, இருக்கும் இடமும் மேலிருந்து வந்தது. நாலாயிரம் கிலோமீற்றர் பறந்தாலும் பிழை கூடாத ஒரு கணக்கு முதன்முறையாக விமானி கையில் கிடைத்தது. அமெரிக்காவில் 2002 முதல் 2005 வரை படிப்படியாகப் புதிய கருவி கட்டாயமானது, மற்ற நாடுகளும் தொடர்ந்தன.

நான்கு ஆண்டு கழித்து ஒரு சேர்க்கை

1978 நவம்பர் 15 இரவு மறுபடி ஒரு டிசி-8, மறுபடி ஹஜ் யாத்திரிகர்கள், இம்முறை ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பும் வழி. ஐஸ்லாந்து நிறுவனத்தின் விமானம். கட்டுநாயக்க ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். அங்கே மலை கிடையாது. இலங்கை விசாரணை விமானிகள் உயரத்தைக் கவனிக்கவில்லை என்றது, ஐஸ்லாந்துத் தரப்பு தரையிறங்கும் வழிகாட்டிக் கருவியின் பராமரிப்பிலும் ரேடார் தகவலிலும் பிழை என்றது. அந்த வழக்கை இங்கே ஆராயப் போவதில்லை. ஒன்று மட்டும்: 1974 ஐ 'மலையால் வந்த விபத்து' என்று தனியாகப் பிரித்து வைப்பவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உயரத்தை யார் சரிபார்ப்பது என்ற கேள்வி தென்னந்தோப்பிலும் அதேதான்.

இன்று

நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச்சின்னம் இருக்கிறது, விமானத்தின் சக்கரம் ஒன்றும் காட்சிக்கு இருக்கிறது. சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களில் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களின் கதை அந்தப் பலகையில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. காரணமும் பின்விளைவும் அங்கே மூன்று மொழியிலும் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. செலவு அதிகமில்லை, அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இயற்பியல் பாடமும் கிடைக்காது.

தொழில்நுட்பப் பக்கத்தில் கதை முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கடந்த சில ஆண்டுகளாகப் போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகில் பறக்கும் விமானங்களுக்குப் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞை அனுப்பப்படுகிறது. விமானம் தான் வேறெங்கோ இருப்பதாக நம்பிவிடுகிறது. அதன் நினைவிலுள்ள மலைகளும் கூடவே இடம் மாறிவிடுகின்றன. முப்பத்தையாயிரம் அடியில் பறக்கும்போது 'மேலே இழு' என்று கருவி கத்துகிறது. அந்தப் பகுதியைத் தாண்டிய பிறகும் பல மணி நேரம் கருவி தெளியாமல் இருப்பதுண்டு. மத்திய கிழக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் வழிகளில் சில அந்தப் பகுதிகளை ஒட்டித்தான் போகின்றன. அப்படி வரும் விமானிகளுக்கு இன்று சொல்லிக்கொடுப்பது, கருவியின் மேல் சந்தேகம் வந்தால் வரைபடத்தில் அச்சிட்ட குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே, இருக்கும் இடத்தைத் தரையிலுள்ள வேறொரு கருவியால் உறுதிசெய்யும்வரை இறங்காதே என்பது. 1974 டிசம்பரிலும் விதிப்புத்தகத்தில் அதே உயரம் இருந்தது.